பாட்டு ஓடட்டும், காது அவங்க மூச்சு மேல இருக்கட்டும்

கேள்வி: நானும் என் மனைவியும் ஒரு வருஷமா பிடிஎஸ்எம் (கட்டுறது, அடிக்கிறது, அடங்கிப் போறதுன்னு ரெண்டு பேர் சம்மதத்தோட பண்ற அந்தரங்க விளையாட்டு) பண்றோம், எல்லாமே ரெண்டு பேரும் முன்னாடியே பேசி ஒத்துக்கிட்டது தான். ரூம் அமைதியா இருந்தா எங்க சத்தமே எங்களுக்குக் கூச்சமா இருக்குன்னு போன வாரம் பாட்டு போட்டோம். பாட்டு சூடு பிடிக்க பிடிக்க ஃப்ளாகர் (பல வார் வச்ச சாட்டை) வீசுற வேகமும் எனக்குத் தெரியாமலே ஏறிடுச்சு, அவ "மஞ்சள்"னு (கொஞ்சம் மெதுவா போன்னு சொல்ல நாங்க வச்சிருக்கிற வார்த்தை) சொன்னது முதல் தடவை எனக்குக் கேக்கவே இல்ல, ரெண்டாவது தடவை தான் நிறுத்தினேன். அவ பரவாயில்லன்னு சொல்லிட்டா, எனக்குத் தான் மனசு ஆறல. பாட்டே வேணாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: பாட்டு வேணும்ங்க, ஆனா அந்த "கேக்கல"ங்கிறதுல இருந்து தான் ஆரம்பிக்கணும். அவங்க பரவாயில்லன்னு சொன்னாலும் இன்னொரு நாள் நிதானமா உக்காந்து அதைப் பத்தி ஒரு தடவை பேசிடுங்க, கேக்காம போன அந்த சில நொடி அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க.

நாம சாதாரணமா பேசுறது சுமார் 60 டெசிபெல், சீன்ல, அதாவது விளையாட்டு நடக்குற அந்த நேரத்துல, ஆழமா போயிட்டவங்க குரல் அந்த அளவுக்கு எழும்பாது, முணுமுணுப்பா தான் வரும், முகம் தலகாணில புதைஞ்சிருந்தா அதுவும் போச்சு. அதனால வால்யூமை நீங்க நின்னுட்டு செட் பண்ணாதீங்க, அவங்க எந்த நிலையில இருக்கப் போறாங்களோ அப்படியே படுக்கச் சொல்லி, முடிஞ்ச வரைக்கும் மெல்ல "மஞ்சள்"னு சொல்லச் சொல்லுங்க, கேக்கலன்னா குறைங்க, கேக்குற வரைக்கும் குறைங்க. பேஸையும் குறைக்கணும், கனமான அடிச் சத்தம் தான் மெல்லிசான குரலை முழுங்குறது. இதுக்கு மேல அவங்க கையில ஒரு சாவிக்கொத்து குடுத்துடுங்க, அது கீழ விழுந்தா எல்லாம் நின்னுடணும்.

இப்ப வேகத்துக்கு வருவோம். தாளம் கேட்டா உடம்பு அது பின்னாடியே போகும், நடக்குறப்ப பாட்டு கேட்டா கால் தானா மாறுதுல்ல, அதே தான். நிமிஷத்துக்கு 60 பீட் உள்ள பாட்டுல நாலு பீட்டுக்கு ஒரு அடின்னா நடுவுல 4 செகண்ட் கிடைக்குது, அவங்க அந்த அடியை வாங்கி, மூச்சு விட்டு, அடுத்ததுக்குத் தயாராக அது போதும். அடுத்த பாட்டு 120ன்னு வந்துடுச்சுன்னா அதே கணக்குல 2 செகண்ட் தான், நீங்க எதையும் மாத்தலன்னு நினைச்சுட்டு இருப்பீங்க ஆனா அவங்களுக்கு எல்லாமே ரெண்டு மடங்கு ஆகியிருக்கும். உங்க வீட்ல நடந்ததும் அனேகமா இதுவா தான் இருக்கும். ஓய்வா இருக்குறப்ப பெரியவங்க இதயத் துடிப்பே 60ல இருந்து 100க்குள்ள தான், அதனால 60 - 80க்குள்ள ஒரு மணி நேரத்துக்குப் பாட்டு சேத்து வச்சுக்கோங்க.

அப்ப சூடு எப்படி ஏறும்னு கேப்பீங்க. தீவிரம்னாலே வேகம்னு நாம நினைச்சுக்குறோம், அது இல்லைங்க. ராவெல்ங்கிற ஃப்ரெஞ்சு இசையமைப்பாளர் 1928ல எழுதின பொலேரோங்கிற இசையை ஒரு தடவை கேட்டுப் பாருங்க, சுமார் 15 நிமிஷம், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அதே ஒரு டிரம் தாளம், வாத்தியம் மட்டும் ஒன்னு ஒன்னா சேர்ந்துக்கிட்டே போகும், கேக்குறவங்க சீட் நுனிக்கு வந்துடுவாங்க. (அதையே சீன்ல போடாதீங்க, முடிவுல சத்தம் ரொம்ப ஏறிடும்.) மெதுவான தாளத்துலயே நின்னுக்கிட்டு அழுத்தத்தைக் கூட்டலாம், இடத்தை மாத்தலாம், ஒரு பீட் வேணும்னே விட்டுட்டு காத்திருக்க வைக்கலாம். அவங்க மூச்சு வெளிய போறப்ப அடி விழுந்தா உடம்பு இறுகாம வாங்கிக்கும். மூச்சும் பாட்டும் ஒத்துப் போகலன்னா பாட்டை விட்டுட்டு மூச்சு கூடப் போங்க.

புரியுற மொழி பாட்டு வேணாம், வரி காதுல விழுந்தா மனசு அது பின்னாடி போயிடும், பழைய ஞாபகம் எதையாவது கிளறும். விளம்பரமும் ஷஃபிளும் கண்டிப்பா கூடாது. ஒரு தடவை என் சீன்ல நடுவுல விளம்பரம் ஒன்னு கத்திடுச்சு, கை கட்டியிருந்தவங்க திடுக்கிட்டு உதறினதுல தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு, வலி போக ஒரு வாரம் ஆச்சு, அதை நான் இன்னும் மறக்கல. டவுன்லோட் பண்ணி வச்சு, ரெண்டு பேரும் முன்னாடியே முழுசா கேட்டுடுங்க. கயிறு கட்டுறீங்கன்னா விரல் மரத்துப் போகுதுன்னு அவங்க சொன்ன அந்த நொடியே அவுக்கணும், இந்தப் பாட்டு முடியட்டும்னு இருக்கக் கூடாது, கத்தரிக்கோல் கை எட்டுற தூரத்துல இருக்கணும். கடைசி 20 நிமிஷத்துக்கு ஆஃப்டர்கேருக்குன்னு (சீன் முடிஞ்சதும் ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சுக்குற நேரம்) தாளமே இல்லாத மெல்லிசான இசை வைங்க, அணைச்சுக்கிட்டு படுக்க, தண்ணி குடிக்க, பேச.

கேள்வி: கண்ணைக் கட்டி ஹெட்ஃபோன் போட்டு விடுறேன்னு என் பார்ட்னர் கேக்குறார். எனக்கு ஆசையா இருக்கு, பயமாவும் இருக்கு.
(ஒரு வாசகி)

பதில்: ரெண்டும் இருக்குறது சரி தான்மா. ஹெட்ஃபோன் போட்டா அவர் பேசுறது கேக்காது, உங்க குரலே உங்களுக்குச் சரியா கேக்காது, அதனால வார்த்தையை நம்பாம தொடுதலை வச்சுக்கோங்க: அவர் கையை ரெண்டு தடவை அழுத்துவார், நீங்க ரெண்டு தடவை திருப்பி அழுத்தணும், அழுத்தலன்னா ஹெட்ஃபோனைக் கழட்டிடணும். பாட்டு உங்க தேர்வா இருக்கட்டும், சத்தம் பாதிக்கு மேல வேணாம். முதல் தடவை 10 நிமிஷம், கை கால் எதுவும் கட்டாம, வேணும்னா நீங்களே கழட்டிக்கிற மாதிரி. அவர் அந்த ரூமை விட்டு ஒரு நிமிஷம் கூட வெளிய போகக் கூடாது, இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவர் வாயால சொல்ல வச்சுடுங்க.