காது மெஷின் வாங்கும் முன் ஆடியோகிராமைப் பாருங்கள்

கேள்வி: வயது 43. வலது காது இரண்டு வருடமாக மந்தமாகிக்கொண்டே வருகிறது. செவிப்பறை நன்றாக இருக்கிறதாம். 'நரம்பு பலவீனம், மெஷின்தான் வழி' என்கிறார்கள். காது எலும்புகளின் அதிர்வை லேசரால் அளந்து ஆராய்வதாகப் படித்தேன். புது சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். நரம்பு என்று சொன்னது மருத்துவரா, மெஷின் விற்பவரா? ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று கோடுகளாக வரைந்து தரும் சோதனைத் தாளை, எடுத்துப் பாருங்கள். ஹெட்போன் மாட்டிச் செய்வது காற்றுவழிச் சோதனை. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்துச் செய்வது எலும்புவழிச் சோதனை. இந்த இரண்டாவது இல்லாமல் 'நரம்பு' என்று யாராலும் சொல்ல முடியாது. இலவசப் பரிசோதனை என்று கூப்பிடுபவர்கள் பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, '40 சதவீதம் குறைவு' என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். கோளாறு எங்கே என்று அந்தச் சீட்டு சொல்லாது.

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். கடைசி எலும்பான அங்கவடியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். உள்காதின் வாசலில் அது பிஸ்டன் போல அசைந்தால்தான் ஒலி உள்ளே போகும். சுற்றிலும் எலும்பு வளர்ந்து அது இறுகிவிட்டால், செவிப்பறை பார்க்க நன்றாகவே இருக்கும், காது மட்டும் கேட்காது. எலும்புவழிக் கோடு நன்றாகவும் காற்றுவழிக் கோடு மோசமாகவும் இருந்தால் சந்தேகம் இதன் மேல்தான். அங்கவடிக்குப் பதில் செயற்கைத் துண்டு வைக்கும் அறுவை சிகிச்சை 1956 முதலே இருக்கிறது. லேசர் ஆய்வுகள் அதை மெருகேற்றும். அதற்காக நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்காதில் சமநிலையை உணரும் மேல் அரைவட்டக் குழாயை மூடும் எலும்பில் ஓட்டை இருந்தாலும் ஒலி கசிந்து, கோடுகளுக்கு நடுவே இதே இடைவெளி விழும். உங்கள் குரலே காதுக்குள் முழங்கும், பெரிய சத்தத்தில் தலை சுற்றும், சிலருக்குக் கண் அசைவதுகூடக் கேட்கும். 1998இல்தான் இந்த நோய் விவரிக்கப்பட்டது. இதை அறியாமல், நன்றாக இருந்த அங்கவடியை அறுவை செய்தும் பலன் காணாதவர்கள் உண்டு. பிரித்தறிய உதவுவது காதுத் தசையின் அனிச்சைச் சோதனை, அதாவது பெரிய சத்தத்துக்கு அந்தத் தசை தானாகச் சுருங்குகிறதா என்று பார்ப்பது: அங்கவடி இறுகியிருந்தால் அனிச்சை பெரும்பாலும் பதிவாகாது, ஓட்டை என்றால் பதிவாகும். சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் அறுவைக்குத் தேதி குறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டு வாங்குங்கள்.

சரி, இரண்டு கோடுகளும் சேர்ந்தே இறங்கியிருந்தால்? கோளாறு உள்காதிலோ நரம்பிலோதான். ஒரு காது மட்டும் என்பதால் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றிக் காது மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் மெஷினைப் பார்க்கலாம். அதையும் சில வாரம் மாட்டிப் பார்க்கக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.