முயலைப் பட்டினி போடச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி

கேள்வி: எங்கள் மூன்று வயதுப் பெண் முயலுக்குக் கருப்பை நீக்கும் ஆபரேஷன் செய்தோம். முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபின் அது புல்லைக்கூடத் தொடவில்லை. மூன்று முறை போன் செய்தேன். "மயக்கம் தெளிந்தால் சாப்பிடும்" என்றார்கள். மூன்றாம் நாள் காலை இறந்துவிட்டது. தோட்டத்தில் புதைத்துப் பத்து நாள் ஆகிறது. டாக்டர் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து லட்சம் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் டாக்டர் பேசாதது வழக்காகாது. உங்கள் கையில் உருப்படியாக இருப்பது அந்த வாட்ஸ்அப் செய்திதான். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய், பூனை மாதிரி அதை இரவெல்லாம் பட்டினி போடத் தேவையில்லை. போட்டால் குடல் இயக்கம் மந்தமாகி நின்றே போகலாம். முயல் பார்க்கிற டாக்டருக்கு இது பாலபாடம். ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடாத முயலை இரண்டு நாள் காத்திருந்து பார்க்கச் சொன்னதும் இதே தவறின் தொடர்ச்சி.

சரி, அலட்சியம் இருக்கிறது. சாவுக்கு அதுதான் காரணம் என்று எப்படிக் காட்டுவீர்கள்? பூனையைப் பறிகொடுத்த ஒருவர் என்னிடம் கொண்டுவந்த ஃபைல் அவ்வளவு தடிமன். பில், ஸ்கேன், பிறந்தநாள் போட்டோ எல்லாம் இருந்தன. போஸ்ட்மார்ட்டம் அறிக்கை மட்டும் இல்லை. மூன்று வருடம் அலைந்தார், தோற்றார். உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் 2008ல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வை நீட்டுவார்: மயக்க மருந்து கொடுத்த முயல்களில் 1.39 சதவீதம் இறந்தன, நாய்களில் 0.17 சதவீதம்தான். "முயலுக்கு இயல்பாகவே உள்ள ஆபத்து இது" என்று முடித்துவிடுவார். பத்து நாளுக்குப் பிறகு தோண்டியும் பயனில்லை. இதைப் படிக்கிற மற்றவர்கள் கவனியுங்கள்: உடலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வைத்தால் திசு சிதைந்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

கோபத்தில் நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள். நோட்டீஸ் போன பிறகு கேஸ் ஷீட் சுத்தமாகத் திருத்தி எழுதப்பட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தன்மையாக, எழுத்தில் அதன் நகலைக் கேளுங்கள்: முயலின் எடை, மயக்க மருந்தின் பெயர், அளவு, வலி மருந்தும் சலைனும் கொடுத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். போனை மாற்றாதீர்கள், வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழும் (பாரதிய சாட்சிய சட்டம், 63ஆம் பிரிவு) கேட்பார்கள். அந்த மூன்று அழைப்புகளின் பதிவும் அதே போனில்தான் இருக்கிறது. டாக்டரைக் கொலைகாரர் என்று ரிவ்யூ எழுதியிருந்தால் இன்றே நீக்குங்கள், அவதூறு வழக்கில் நீங்கள் எதிரியாக நிற்க வேண்டிவரும்.

அப்புறம், முயல் வைத்தியம் தெரிந்த வேறொரு டாக்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொண்டு சமரசம் பேசுங்கள். பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். ஆபரேஷன் செலவு முழுவதும், அதற்கு மேல் நியாயமான ஒரு தொகை, இவ்வளவுதான் என் கணக்கு. ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையையும் எழுதி வாங்குங்கள்: இனி முயல் கொண்டுவருகிற யாருக்கும் அந்தப் பட்டினிச் செய்தி போகக் கூடாது.