தண்ணீர் ஊற்றியும் வாடும் வெள்ளைப் பூச்செடி

கேள்வி: நாங்கள் திருகோணமலைக் கடற்கரையோரம் உப்புவெளியில் இருக்கிறோம். வெள்ளை அந்தூரியம் என்று வாங்கிய செடி விறாந்தையில் நிற்கிறது. இலை மெல்லிசு, நீளம். பூ நாளாகப் பச்சையாகிறது. காலையும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியும் இலைகள் தொங்குகின்றன, நுனியும் கருகுகிறது. ஏன்?

பதில்: இது அந்தூரியம் அல்ல, பீஸ் லில்லி. இரண்டும் சேம்புக் குடும்பந்தான். ஆனால் அந்தூரியத்தின் இலை தோல் போலத் தடித்து, இதய வடிவில் இருக்கும். பீஸ் லில்லி இலை ஈட்டி போல நீண்டு கூராகும். பூ என்று நாம் சொல்லும் வெள்ளை மடல், பாம்பு படமெடுத்தாற்போல நடுத்திரியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும்.

மெல்லிய இலை என்பதால் இது சீக்கிரம் வாடும். அதற்காக உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் அடித்துளையால் வழியும் வரை ஊற்றுங்கள், சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்து, மத்தியானம் மட்டும் வாடிப் பொழுதுபட நிமிர்ந்தால், அது வெயிலும் காற்றும் செய்யும் வேலை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற வறண்ட காற்று வீசும்போது வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கும். காற்று வரும் பக்கம் கிடுகு கட்டி மறைத்தால் போதும்.

ஈர மண்ணில் காலையிலும் வாடியே கிடந்தால் வேர் அழுகுகிறது. இரண்டு வேளை ஊற்றுகிறீர்கள் என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் பலமாக இருக்கிறது. செடியைச் சாடியிலிருந்து கழற்றி ஒரு வேரை மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெளுத்து, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரின் தோல் உறை போலக் கழன்று வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அப்படியானவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, மிச்சத்தைப் புது மண்ணில் நடுங்கள்: தும்புத்தூள் 2 பங்கு, மக்கிய எரு 1, ஆற்று மணல் 1. தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்தே சேருங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். சாடி வேர்க்கட்டைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய சாடியில் மண் காயாமல் கிடந்து மறுபடி அழுகும். புதுக் குருத்து வரும் வரை பசளை போடாதீர்கள்.

நுனி கருகுவதற்குக் கிணற்று உவர் காரணமாக இருக்கலாம். மண்ணில் மேலே வெள்ளைப் படிவு தெரிகிறதா பாருங்கள். மாரியில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால், வேர் நன்றாக இருக்கும் செடிக்குச் சாடி கொள்ளளவின் மூன்று மடங்கை ஆறுதலாக ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் குணம் தெரியும்.

வெட்டும்போது கவனம்: இதன் சாறு வாயில் பட்டால் எரியும். வெட்டிய இலையைக் குழந்தைகளுக்கும் நாய், பூனைக்கும் எட்டாமல் போடுங்கள்.