ஜெர்மன் நடிகை சாண்ட்ரா ஹூல்லர் பிறமொழிப் படங்களிலும் எப்படிச் சிறந்து விளங்குகிறார்?

தாய்மொழி அல்லாத மொழியிலும், பிறர் குரல் கொடுக்காமல் தம் சொந்தக் குரலிலேயே பேசி நடிப்பவரைப் பன்மொழி நடிகர் என்கிறோம். 1978இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்த சாண்ட்ரா ஹூல்லர் அத்தகையவர். பெர்லினின் எர்ன்ஸ்ட் புஷ் நாடகப் பள்ளியில் பயின்று, ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஆண் நாயகன் ஹாம்லெட்டாகவே நடித்தவர்.

அவருடைய வலிமைக்கு வேர் மேடைதான். பொதுநிதி பெறும் ஜெர்மன் நகர அரங்குகள் நடிகர்களை நிலையான குழுவாக வைத்துக்கொண்டு பல நாடகங்களை மாறி மாறி நிகழ்த்துவதால், சொல்லுக்கு முன்பே மூச்சும் உடலும் பாத்திரத்துக்குப் பழகிவிடுகின்றன. கிணற்றில் நீந்தக் கற்றவர் ஆற்றில் இறங்கும்போது நீரோட்டத்தைப் பழகினால் போதும், நீச்சலை மறுபடி கற்க வேண்டியதில்லை அல்லவா?

2023இல் கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப்பனையை வென்ற 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்தில், கணவரின் மரணத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெர்மன் எழுத்தாளராக, அவர் நீதிமன்றத்தில் பிரெஞ்சில் பேசித் திணறி, ஆங்கிலத்துக்கு மாற அனுமதி கேட்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். அந்தத் திணறலே அந்தப் பாத்திரத்தின் தனிமையை முழுமையாக உணர்த்திவிடுகிறது. அதே விழாவில் இரண்டாம் பெரிய விருதான கிராண்ட் பிரியைப் பெற்ற 'தி ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்' படத்தில் அவர் பேசியதோ தாய்மொழியான ஜெர்மன்.

உச்சரிப்பில் அயல்வாடை துளியும் இல்லாதவரே பன்மொழி நடிகராக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத்தந்த பாத்திரமோ, அந்த அயல்வாடையோடு பேசிய பாத்திரம்தான்.