ப்ளூடூத்தில் பேசினால் தப்பில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் சில மாதங்கள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் காரை எடுப்பான். இப்போது ஓட்டிக்கொண்டே மெசேஜ் பார்க்கிறான். கண்டித்தால், "அப்பா வழி நெடுக ஆபீஸ் ஆட்களோடு பேசுகிறாரே, அதை மட்டும் கேட்க மாட்டாயே அம்மா" என்கிறான். கணவரோ, "நான் ப்ளூடூத்தில்தானே பேசுகிறேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறது, இருபது வருட அனுபவம் வேறு" என்கிறார். யார் சொல்வது சரி? மகனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: இருவரில் அதிக ஆபத்தில் இருப்பவர் உங்கள் மகன். ஆனால் அவர் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மெசேஜ் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லாரிகளுக்குள் கேமரா பொருத்தி ஓட்டுநர்களைக் கவனித்தார்கள். மெசேஜ் அனுப்பியவர்கள் விபத்திலோ, நூலிழையில் தப்பிய நிலையிலோ சிக்கும் வாய்ப்பு 23 மடங்கு கூடியிருந்தது. 2009-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, அத்தகைய சம்பவங்களில் 6 நொடிகளுக்குள் சராசரியாக 4.6 நொடி அவர்களுடைய கண் சாலையில் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த நேரத்தில் நூறு மீட்டர் கடந்துவிடும். "ஓகே" என்று பதில் போடுவதற்காக நூறு மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கையில் போன் இருந்தால் மட்டும் அது கண்ணை மூடுவதாகவே தோன்றுவதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'முதல் சில மாதங்கள்' என்ற சொற்கள்தான். புதிதாக உரிமம் வாங்கிய 42 இளைஞர்களின் கார்களில் கேமரா வைத்து 18 மாதம் தொடர்ந்து பதிவு செய்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. ஆரம்பத்தில் அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகத்தான் ஓட்டினார்கள். மாதங்கள் போகப்போக, போனைத் தொடுவது, எதையாவது எட்டி எடுப்பது, சாப்பிடுவது எல்லாம் கூடிக்கொண்டே போயின. பயம் போய்விடுகிறது, அனுபவம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளிதான் மோசமானது. உங்கள் மகன் இப்போது அங்கேதான் நிற்கிறார். ஓட்டிக்கொண்டே எண்ணை அழுத்திய புதியவர்களுக்கு ஆபத்து சுமார் 8 மடங்கு, போனை எட்டி எடுத்தவர்களுக்கு 7 மடங்கு. அனுபவம் உள்ளவர்களுக்கோ எண்ணை அழுத்தும்போது இரண்டரை மடங்குதான். அதாவது, இருக்கைக்குக் கீழே விழுந்த போனைக் குனிந்து எடுப்பதும் மெசேஜ் படிப்பதைப் போலவே பெரிய தப்பு. அதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை.

சரி, உங்கள் கணவரிடம் வருவோம். இருபது வருட அனுபவம் உண்மையிலேயே உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கை எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர், காரைப் போலவே இயங்கும் சிமுலேட்டரில் ஆட்களை ஓட்டவைத்து, கண் எங்கே பதிகிறது என்பதையும் பதிவு செய்தார்கள். ப்ளூடூத் போல, கையில் போன் இல்லாமல் பேசிக்கொண்டு ஓட்டியவர்களின் கண் சாலையோரப் பொருள்கள் மேல் நேராகவே பதிந்தது. பிறகு கேட்டால், பார்த்தவற்றில் பலவற்றை அவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கண் பார்த்தது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை. முன்னே போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிவது கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிந்தும், கால் பிரேக்குக்குத் தாமதமாகப் போவது இதனால்தான். அதே குழு 2006-ல், போனில் பேசுபவர்களை மது அருந்தியவர்களோடு ஒப்பிட்டது. பேசியவர்களே பிரேக் போடத் தாமதித்தார்கள். போன் கையில் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

இதில் ஒரு நேர்மையான குறிப்பையும் சேர்க்க வேண்டும். கேமரா வைத்த ஆய்வுகளில், வெறுமனே பேசுவது எண்ணை அழுத்துவதளவுக்கு ஆபத்தாகத் தெரியவில்லை. நிபுணர்களுக்குள் இது பற்றி இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எனவே, உங்கள் கணவர் பேசுவதும் மகன் மெசேஜ் படிப்பதும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலியான நேர் சாலையில் வீட்டுக்கு ஒரு வரி சொல்வது வேறு, நெரிசலில் ஆபீஸ் பிரச்சினையை அரை மணி நேரம் அலசுவது வேறு. பேச்சு எவ்வளவு யோசிக்க வைக்கிறதோ அவ்வளவு கவனம் சாலையிலிருந்து கழிந்துபோகிறது.

"பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசினால் மட்டும் பரவாயில்லையா?" என்று அவர் கேட்பார், தயாராக இருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரியும். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், சில சமயம் "பார்த்து" என்றும் சொல்வார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அது எதுவும் தெரியாது, தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். இளம் ஓட்டுநர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். பதின்வயது நண்பர்கள் கூட ஏறினால், அவர்கள் எண்ணிக்கை கூடக்கூட விபத்தில் உயிரிழக்கும் அபாயமும் கூடுகிறது. பல நாடுகள் புது உரிமத்துக்குப் பயணிகள் கட்டுப்பாடு வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் வீட்டிலும் இப்போதைக்கு நண்பர் ஒருவருக்கு மேல் வேண்டாம்.

அடுத்து நான் கேட்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். மகன் காரில் போகும்போது அவரை அதிகம் அழைப்பது யார்? பதின்வயதினரிடம் விசாரித்த ஆய்வாளர்களுக்கு அடிக்கடி கிடைத்த பதில், "அம்மாவும் அப்பாவும்" என்பதுதான். எடுக்காவிட்டால் வீட்டில் கோபிப்பார்கள் என்று எடுக்கிறார்கள். 2013-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டிக்கொண்டிருப்பவர் உடனே படித்துவிடுவார் என்று தெரிந்தே மெசேஜ் அனுப்புபவருக்கும் பொறுப்பு உண்டாகலாம் என்று கூறியது. சட்டம் இருக்கட்டும், "எங்கே இருக்கிறாய்?" என்ற உங்கள் அழைப்பு மணியும் சாலையில் ஒரு கவனச்சிதறல்தான்.

ஆகவே மாற்றத்தை உங்களிடமும் கணவரிடமும் தொடங்குங்கள். கிளம்பும்போது ஒன்று, சேர்ந்ததும் ஒன்று என இரண்டு மெசேஜ் போதும். நடுவில் யாரும் யாரையும் அழைப்பதில்லை என்று மூவரும் பேசி முடிவெடுங்கள். தெரியாமல் அழைத்துவிட்டால் முதல் வார்த்தை "ஓட்டுகிறாயா?" என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுங்கள், கேட்க வந்தது எவ்வளவு சின்ன விஷயமானாலும். இதில் மகனுக்கு ஒரு சட்டம், அப்பாவுக்கு ஒரு சட்டம் என்று ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு வைத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. மீறினால் சாவி இரண்டு நாளைக்குக் கிடையாது என்பது அப்பாவுக்கும் பொருந்த வேண்டும்.

மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும், வண்டி ஓடும்போது அறிவிப்புகளைத் தானாக நிறுத்தும் வசதி இருக்கிறது. ஐபோன் "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பதிலையும் தானே அனுப்பிவிடும். ஆன் செய்துவிட்டு, போனைப் பின் இருக்கையில் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். மேப்பும் பாட்டும் கியர் போடுவதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதையும் மௌனமாக்குங்கள். போனை ஒளித்துவிட்டு மணிக்கட்டில் அதிர்வை வைத்திருப்பதில் பயனில்லை.

"சிக்னலில் நிற்கும்போது பார்த்தால் என்ன?" என்பது அடுத்த கேள்வியாக வரும். ஏஏஏ என்னும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-ல் சோதித்தபோது, சில கார்களின் குரல்கட்டளை வசதியைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 நொடி வரை மனம் முழுதாகச் சாலைக்குத் திரும்பவில்லை. பச்சை விழுந்து வண்டி நகர்ந்து, குறுக்கே நடப்பவர்களைக் கடந்து போன பிறகும் அந்த மெசேஜ் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அவசரமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசட்டும், அதற்காகத் தாமதமானால் யாரும் கோபிக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் மகனை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். வழியில் உங்கள் போன் ஒலித்தால் எடுக்காமல் விட்டுவிட்டு, அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். சாலையை விட்டு நகராவிட்டால் நல்லது. போன் இருக்கும் பையின் பக்கம் திரும்பினால், அடுத்த மாதமும் இதே ஏற்பாடு தொடரட்டும், கோபப்படாமல்.