டிக்கியில் கிடக்கும் வெள்ளை கவுன்

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். வயது 42. கல்லூரியில் சேர்ந்த வருடம், இங்கே சொராரிட்டி என்று சொல்கிற, ஒருவரையொருவர் சகோதரி என்று கூப்பிட்டுக்கொள்ளும் பெண்கள் சங்கம் ஒன்றில் சேர ஆசைப்பட்டேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். 2001 ஆகஸ்டில் அப்பாவுக்கு பைபாஸ் நடந்த சமயம் அது. எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது, படிப்பை முடித்தவர்களைச் சேர்க்கும் வழியில் தன் சங்கத்துக்கு வரும்படி அலுவலகத் தோழி கூப்பிடுகிறாள். அடுத்த மாதம் சடங்கு. வெள்ளை உடுத்தி வர வேண்டுமாம். கவுன் வாங்கிவிட்டேன். அப்பா போனதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளையைப் பார்த்தால் சங்கடப்படுவார் என்று கார் டிக்கியில் வைத்திருக்கிறேன். இருபது வயதுப் பெண்கள் நடுவே நான் போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா?

பதில்: சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கமலா ஹாரிஸ் 1986-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தவர் என்று பத்திரிகைகள் எழுதியதிலிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எல்லோருக்கும் வயதுதான் கவலை. வயது தடையே இல்லை. உறுப்பினர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், இந்தச் சங்கங்களுக்கென்று கூட்டமைப்புகள் உண்டு, ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு சங்கத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கக் கூடாது. சங்கத்துக்குச் சங்கம் விதி மாறும். உங்கள் தோழியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கமலாவின் சங்கம் போன்ற கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் பட்டதாரிகளுக்கென்றே கிளைகள் இருக்கின்றன. ஊர்ச் சேவை என்று வாரக் கடைசியெல்லாம் போய்விடும். அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

போகட்டும். என்னை உறுத்துவது அந்த டிக்கி.

நாற்பத்திரண்டு வயதுப் பெண், சொந்தச் சம்பளத்தில் வாங்கிய உடையைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைப்பானேன்? வெள்ளைமேல் பழியைப் போடாதீர்கள். ஹூஸ்டனில் கடை வைத்திருந்த அம்மா, வெள்ளை கவுனில் மணப்பெண்ணைப் பார்த்ததே இல்லையா?

சடங்கில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது, சரி. சேர்ந்ததையே மறைக்க வேண்டும் என்று யார் சொன்னது? 1870-இல் இந்தியானா மாநிலத்தில் பெட்டி லாக் என்ற மாணவியை, ஆண்கள் சங்கம் ஒன்று தன் பேட்ஜை அணிந்துகொள்ளச் சொன்னது. உறுப்பினராக்க மட்டும் மறுத்துவிட்டது. அப்படியொரு பேட்ஜ் வேண்டாம் என்றவர், மூன்று தோழிகளோடு காப்பா ஆல்ஃபா தீட்டா என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். நாலு பேர் பார்க்க நெஞ்சில் குத்திக்கொள்ளத்தான் பேட்ஜ். உங்களுடையதையும் டிக்கியில்தான் வைப்பீர்களா?

கடிதத்தை மறுபடி படியுங்கள். "அம்மா வேண்டாம் என்றுவிட்டார்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் பைபாஸ், கல்லா. அந்த ஆகஸ்டில் உங்களைத் தடுத்தது அம்மாவா, ஆளில்லாத கல்லாவா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கடையை விட்டுவிட்டு நீங்கள் விருந்துக்குப் போயிருந்தால், இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்கள் செய்தது சரி. மூத்த பிள்ளையோ இளைய பிள்ளையோ, வீட்டில் அப்படியொரு நாள் வந்தால் யாராவது கல்லாவில் உட்காரத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் செய்த கடமைக்கு இத்தனை வருடமாக அம்மா பெயரில் வட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களே, அது சரியில்லை. உங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று அந்த வாரம் அவரிடம் சொன்னீர்களா? ஐ.சி.யூ. வாசலில் நின்றவரிடம் போகிற போக்கில் கேட்டிருப்பீர்கள், அவரும் போகிற போக்கில் வேண்டாம் என்றிருப்பார். அவருக்கு அது நினைவில்கூட இருக்காது. நீங்கள் மட்டும் மறக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த லட்சணத்தில் புதிதாகப் பத்துப் பேரை சகோதரி என்று கூப்பிட வேண்டுமாக்கும்!

சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டெக்சாஸ் வெயிலுக்கு டிக்கியில் கிடக்கும் துணி பழுப்பேறிவிடும். இன்று சாயங்காலமே எடுத்து இஸ்திரி போடுங்கள். உங்கள் அறையில் வேண்டாம்; கூடத்தில், அம்மா டி.வி. பார்க்கிற நேரத்தில். "என்னடி இது வெள்ளையா?" என்று கேட்பார். டி.வி.யை அணைத்துவிட்டு, 2001 ஆகஸ்டிலிருந்து ஆரம்பியுங்கள்.