டைனமோ கற்க ஆசைப்படும் மகனுக்கு

ஐயா, பத்தாவது முடித்த மகன் பழைய கார்களின் எலக்ட்ரிக்கல் வேலைதான் கற்பேன் என்கிறான், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பினால் போடாது. ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் 2 வருடம் படிக்கட்டும். ஆல்டர்னேட்டர் (இன்றைய கார்களில் மின்சாரம் உண்டாக்குவது), செல்ஃப் மோட்டார் (எஞ்சினை ஸ்டார்ட் செய்வது) வேலை வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும்; பழைய கார்களில் மின்சாரம் உண்டாக்கும் டைனமோ அதற்கு மேல் வருகிற பெயர்.

அவனுக்குப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் லூகாஸ் கம்பெனி டைனமோ ஒன்று வாங்கிக் கொடுங்கள். துருவைத் துடைத்தால் உடம்பில் சி39 அல்லது சி40 என்று மாடல் குத்தியிருக்கும். பார்ட் நம்பரும் செய்த மாதம், வருடமும் பக்கத்திலேயே கிடைக்கும். ஒயர் மாட்டும் இரண்டு டெர்மினலில் பெரியது டி (மின்சாரம் வெளியே வருவது), சின்னது எஃப் (ஃபீல்டு காயிலுக்குப் போவது). மல்டிமீட்டரில் எஃப்-க்கும் பாடிக்கும் நடுவே சுமார் 6 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபீல்டு காயில் (உள்ளே காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச் சுருள்) அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பாடியில் தொடுகிறது. பிறகு டி, எஃப் இரண்டையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியில் ஒரு முனையையும், பாடியில் மறுமுனையையும் கொடுத்தால் மோட்டார் போல மெதுவாக, சீராகச் சுற்ற வேண்டும்.

காரில் சோதிக்கும்போதுதான் கை அவசரப்படும். ஃபேன் பெல்ட் தொய்வைப் பார்த்துவிட்டு, டைனமோவிலிருந்து இரண்டு ஒயரையும் கழற்றி, டி-யையும் எஃப்-ஐயும் ஒரு துண்டு ஒயரால் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வோல்ட் தடுமாறாமல் ஏறும். 20-ஐத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. அசைவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் சிக்கியிருக்கும், இல்லையேல் கமுட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்புப் பகுதி) அழுக்கு. அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயிலில் கோளாறு. 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில் (உள்ளே சுற்றும் பாகம்) கோளாறு. (ஆல்டர்னேட்டரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.)

டைனமோ நன்றாக இருந்தால்தான் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்குப் போக வேண்டும். அதன் மாடல்களில், ஆர்பி106-இல் இரண்டு காயில், ஆர்பி340-இல் மூன்று. ஆர்பி106-ஐ பேட்டரி இணைப்பில்லாமல் அளந்தால் சுமார் 16 வோல்ட் காட்டும். புதிதாகக் கற்பவர்கள் "அதிகமாக இருக்கிறதே" என்று திருகைக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் பேட்டரி எந்தக் காலத்திலும் நிறையாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் டைனமோ சூடேறினால் கட்-அவுட் (டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) பாயின்ட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்த முனை. இதைக் கவனிக்காமல் பேட்டரியை மாற்றிப் போட்டால் அந்தக் கட்-அவுட் பாயின்ட்டே வெல்டாகிவிடும்.

சேர்க்கப்போகும் கடையில் க்ரோலர் (ஆர்மேச்சரைச் சோதிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்மேச்சரை அதில் வைத்து மேலே ஹேக்சா பிளேடைப் பிடித்தால், காயில் ஷார்ட்டான இடத்தில் பிளேடு அதிரும். அது இல்லாத கடையில் "வேறொன்றைப் போட்டுப் பார்ப்போம்" என்பதைத்தான் பையன் கற்றுக்கொள்வான்.